புவி சூடானால் கூண் எங்கே முளைக்கும்? குமரி மலைக்காடுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஐரோப்பாவில் காளான் (குமரி வழக்கில் கூண்) பருவம் நீண்டுகொண்டே போகிறது என்ற செய்தி அவ்வப்போது தமிழிலும் வருகிறது. செய்தி உண்மைதான். தென் இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளாகத் திரட்டிய பதிவுகளை வைத்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. 1950-களில் சராசரியாக 33 நாளாக இருந்த இலையுதிர்காலக் காளான் பருவம் சுமார் 75 நாளாகிவிட்டது என்று அது காட்டியது. இதைப் படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. சூடு கூடினால் காளானும் கூடும் என்றால், கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறையிலும் குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் "முன்னைப் போலக் கூண் கிடைப்பதில்லை" என்ற பேச்சு ஏன்?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இங்கிலாந்தில் பூஞ்சையைக் கட்டிப்போட்டிருந்தது குளிர். குளிர் தளர்ந்ததும் பருவம் விரிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைக் கட்டிப்போடுவது ஈரம். இங்கே சூடு கூடுவது என்றால் ஈரம் நிற்கும் நாட்கள் குறைவது. அதனால் அந்த ஊர் முடிவைத் தூக்கி இந்த ஊர் காட்டில் வைத்தால் கணக்குத் தப்பும்.

முதலில் மூன்று சொற்கள்

மண்ணுக்கு மேல் குடை விரித்து நிற்பது பூஞ்சையின் முழு உடல் அல்ல. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ அப்படித்தான் பூஞ்சைக்குக் கூண். 'மரம்' மண்ணுக்குள்ளோ கட்டைக்குள்ளோ இருக்கிறது. தலைமயிரைவிட மிக மெல்லிய இழைகள் பின்னிக்கிடக்கும் வலை அது. அதை இழைவலை என்போம். குடைக்கு அடியில் ஏடு ஏடாக இருப்பவை செவுள்கள். அவற்றிலிருந்து உதிரும் மெல்லிய தூள் வித்துத்தூள். விதையின் வேலையைச் செய்வது இதுதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் மேலே போக முடியாது. கூண் முளைக்காத ஆண்டில் இழைவலை உயிரோடு இருக்கலாம். ஆண்டுதோறும் முளைத்த இடத்தில் இழைவலை செத்தும் போயிருக்கலாம். முதலாவது மழையின் சிக்கல், இரண்டாவது இடத்தின் சிக்கல். காலநிலை இரண்டையும் தொடுகிறது, ஆனால் வெவ்வேறு வேகத்தில்.

எதை அண்டி வாழ்கிறது என்பதே இடத்தைத் தீர்மானிக்கிறது

நம் காட்டில் உண்ணத்தக்க கூண்களைப் பிழைப்பு முறையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கரையானை அண்டியவை. புற்றுக்கூணும், அரிசி சிதறியதுபோலத் தரையில் பரவும் அரிக்கூணும் இந்த வகை. அறிவியலில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினம். தென்னிந்தியாவில் பரவலாக உண்ணப்படும் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற இனத்தை 1979-ல் தனி இனமாக விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன்.

2. செத்த மரத்தையும் சருகையும் தின்பவை. சிப்பிக்காளான், காதுக்காளான், வைக்கோல்காளான். கட்டை எங்கேயோ அங்கே இவை. வைக்கோல்காளான் காட்டைவிட வயலோடு ஒட்டியது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் நெல் விளைந்த வயல்கள் தென்னையும் வாழையுமாக மாறியதில் அது குறைந்தது. அதில் காலநிலையைக் குற்றம் சொல்ல முடியாது.

3. உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டு வைத்தவை. ருசூலா பேரினக் கூண்கள் இப்படிப்பட்டவை. மரத்துக்கு மண்ணிலிருந்து தண்ணீரும் சத்தும் எடுத்துக்கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கும். எல்லா மரமும் இந்தக் கூட்டுக்கு வராது. நம் மலையில் கொங்கு, வெள்ளைக்குங்கிலியம் போன்ற மரங்கள் வரும். இவை நகர வேண்டுமானால் முதலில் மரம் நகர வேண்டும். அதற்குப் பல தலைமுறை ஆகும்.

இந்த மாவட்டத்தில் அதிகம் தேடப்படுவது முதல் வகை என்பதால் அதையே விரிவாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஈரக் கணக்கு.

100 மில்லிமீட்டர் எப்போதும் 100 மில்லிமீட்டர் அல்ல

குமரி மாவட்டத்துக்கு ஒரு பேறு உண்டு. பழைய திருவிதாங்கூர் வழக்கில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்கு மழையும், ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்கு மழையும் ஏறத்தாழ சம அளவில் இங்கே கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் பலவற்றுக்கு இது இல்லை. கூணுக்கு ஆண்டில் இரண்டு வாய்ப்பு என்று இதைப் படிக்கலாம்.

ஆனால் கூண் முளைக்க மழையின் மொத்த அளவைவிட அது பிரிந்து விழும் விதம் முக்கியம். நாளொன்றுக்கு 10 மி.மீ. வீதம் பத்து நாள் பெய்தால் சருகு ஊறும், அதன் கீழ் மண் நனையும், காட்டுக்குள் காற்று பிசுபிசுவென்று இருக்கும். அதே 100 மி.மீ. ஒரே பிற்பகலில் கொட்டினால் சரிவில் பெரும்பங்கு ஓடி ஓடையில் சேரும். சருகையும் வாரிக்கொண்டு போகும். மழைமானியின் மாதக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே எண்தான். "மழை குறையவில்லையே, கூண் மட்டும் ஏன் குறைந்தது" என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

சூடான காற்று ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும்: ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 7 விழுக்காடு. அதனால் பெய்யும்போது கொட்டும், இடைவெளியில் உறிஞ்சும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. பதிவானது. இப்படிப்பட்ட மழை ஆண்டுச் சராசரியை உயர்த்தும், கூணுக்கு உதவாது.

உறிஞ்சும் பக்கத்தையும் ஒரு கணக்கால் காணலாம். காட்டுத்தரையில் 26 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கிறது என்று கொள்வோம். காற்றில் உள்ள நீராவி கூடாமல் குறையாமல், வெப்பம் மட்டும் 28 டிகிரி ஆனால் ஈரப்பதம் 80 விழுக்காடாக இறங்கிவிடும். கூணின் உடலில் ஏறக்குறைய 90 விழுக்காடு தண்ணீர். தோல் என்று சொல்லும்படி ஒரு காப்பு கிடையாது. கடுகளவு மொட்டாக இருக்கும்போது இரண்டு நாள் இந்த உலர்காற்று பட்டால் மொட்டு பழுத்துக் கருகும். சற்றுப் பெரிதான மொட்டாக இருந்தால் குடை விரியும், ஆனால் மேல்பரப்பு பிளந்து வெடித்திருக்கும். காளான் வளர்ப்பவர்கள் குடிலில் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பது இதைத் தடுக்கத்தான். காட்டில் அந்தச் சாக்கின் வேலையைச் செய்வது மேலே கவிந்த இலையும் கீழே கிடக்கும் சருகும்.

நாட்டளவிலான போக்கு என்ன? ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்திருக்கிறது. குறைவு தெளிவாகத் தெரியும் இடங்களில் கங்கைச் சமவெளியோடு மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று.

கரையானும் கூணும்: நாள்காட்டி பிசகினால்

புற்றுக்குள் கரையான் ஒரு தோட்டக்காரன். காய்ந்த இலை, மரத்தூள், புல் எல்லாவற்றையும் மென்று தின்று, எச்சத்தால் கடற்பஞ்சு போல மடிப்பு மடிப்பான ஒரு அடையைக் கட்டும். அந்த அடையில் டெர்மிட்டோமைசிஸ் இழைவலை வளரும். கரையானால் செரிக்க முடியாத மரச்சத்தை உடைத்துக் கொடுக்கும். அடையின் மேல் வெண்முத்துப் போல அரும்பும் உருண்டைகளைக் கரையான் தின்னும். ஆப்பிரிக்காவில் தொடங்கிய இந்தக் கூட்டுக்கு வயது சுமார் 3 கோடி ஆண்டு.

மழை ஊறியதும் அடையிலிருந்து கறுத்த தோல் போர்த்திய ஒரு நீண்ட 'வேர்' மேல்நோக்கிக் கிளம்பும். ஒரு முழம், சில சமயம் அதைவிட நீளம் இருக்கும். அதன் தலையில் கெட்டியான கூர்முனை ஒன்று உண்டு. மண்ணைத் துளைத்து வெளியே வருவது அந்த முனைதான். விரிந்த குடையின் நடுவில் குமிழ்போல நிற்பதும் அதுவே. அரிக்கூணுக்கு இந்த வேர் கிடையாது. கரையானே அடைத்துண்டுகளை வெளியே கொண்டுவந்து போட, அவற்றிலிருந்து அது முளைக்கும்.

இனி இட மாற்றத்துக்கு வருவோம். ஒரு புற்று பல ஆண்டு வாழும். கூண் அந்தந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப முளைக்கும். இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்கள் இடத்தை நினைவில் வைத்திருப்பது அதனால்தான் பலிக்கிறது. ஆகவே கூணின் வரைபடம் மாறுவது என்பது பழைய புற்று சாவதும் புதிய புற்று பிறப்பதும்தான். புதிய புற்று பிறக்கும் படிகள் இவை:

1. கோடைமழையோ முதல் பருவமழையோ விழுந்ததும் ஈசல் பறக்கும். ஆணும் பெண்ணும் சிறகை உதிர்த்து மண்ணுக்குள் இறங்கும்.

2. நம் பக்கம் புற்றுக் கட்டும் ஒடொன்டோடெர்மிஸ் வகை ஈசல்கள் பூஞ்சையைக் கையோடு கொண்டுபோவதில்லை. முதல் குஞ்சுகள் தாய் தந்தையின் உடற்சேமிப்பில் வளரும்.

3. சில வாரம் கழித்து முதல் வேலைக்காரக் கரையான்கள் வெளியே வந்து சருகு பொறுக்கும். அந்தச் சருகின் மேல் வேறொரு புற்றின் கூண் உதிர்த்த வித்துத்தூள் இருக்க வேண்டும். அது உள்ளே போய்த்தான் முதல் அடையில் முளைக்கும்.

4. தூள் கிடைக்காத இளம்புற்று தோட்டம் இல்லாத வீடு. பட்டினியில் அழியும்.

ஆக ஈசல் பறக்கும் நாளுக்கும், பழைய புற்றில் கூண் விரியும் நாளுக்கும், இளங்கரையான் வெளியே வரும் நாளுக்கும் ஒரு பொருத்தம் வேண்டும். சித்திரையில் ஒரு கனமழை ஈசலைக் கிளப்பிவிட்டு, அடுத்து இடவப்பாதி மூன்று வாரம் தள்ளிப்போய், கூண் விரியும் முன்பே மண் காய்ந்தால் இந்தப் பொருத்தம் அறுந்துவிடும். அந்த ஆண்டு இளம்புற்றுகள் தேறுவது கடினம். பழைய புற்றுகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை வழக்கம்போல நிற்கும், நல்ல மழை கண்டால் கூணும் தரும். அதனால் கேடு உடனே கண்ணில் படாது. பழைய புற்றுகள் வயதாகி ஒவ்வொன்றாக அடங்கும்போதுதான், பதிலுக்குப் புதிது எதுவும் எழவில்லை என்பது தெரியவரும். கூண் குறைவதை இந்த ஆண்டு மழையோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

புற்றின் மூச்சும் வெப்பத்தோடு கட்டுண்டது. ஒடொன்டோடெர்மிஸ் ஓபெசஸ் புற்றுகளை அளந்து 2015-ல் வெளியான ஆய்வு, பகலும் இரவும் வெப்பம் மாறுவதே உள்காற்றை ஓட்டுகிறது என்று காட்டியது. பகலில் புற்றின் வெளி விளிம்புகள் விரைவில் சூடாகும், இரவில் அவையே முதலில் குளிரும். அந்த வேறுபாட்டில் காற்று சுழன்று கரியமில வாயு வெளியேறும். இரவு குளிராமல் போனால் இந்த ஓட்டமும் வலுக்குறையும்.

மலைமேல் ஏறிக்கொள்ள முடியாதா?

100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். ஒரு டிகிரி சூடு கூடினால் அதே குளுமைக்கு 150 முதல் 170 மீட்டர் மேலே போக வேண்டும். காகிதத்தில் இது எளிது. களத்தில் மூன்று தடை:

1. உயரம் தீர்ந்துவிடும். மாவட்ட எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி சுமார் 1,650 மீட்டர். மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கத்துச் சோலைகளில் உள்ள ஈரம்விரும்பிகள் ஏற்கெனவே உச்சிக்கு அருகில் இருக்கின்றன. மலை மேலே போகப்போகக் குறுகும், பரப்பும் சுருங்கும்.

2. கூட்டாளி வர வேண்டும். புற்றுக் கட்டும் கரையான் குளிர் தாங்காது, உயரத்தில் குறைவு. சூடு கூடினால் அது ஏறலாம், கூணும் பின்னால் ஏறலாம். ஆனால் கொங்கு மரத்தோடு கூட்டு வைத்த பூஞ்சை, மரம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

3. இடையில் காடு தொடர்ந்து இருக்க வேண்டும். அடிவாரக் காட்டுக்கும் மேற்காட்டுக்கும் நடுவே ரப்பரும் எஸ்டேட்டும் சாலையும் அணையும் இருக்கின்றன. 2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் சுமார் 402 சதுர கி.மீ.; அதன் உள்ளும் விளிம்பிலும் இப்படிப்பட்ட துண்டிப்புகள் உண்டு.

மேலே கீழே என்பதைவிடக் கிழக்கு மேற்கு இங்கே முக்கியம் என்பது என் கணிப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே உலர்காற்றுதான் தோவாளைப் பக்கத்து மலைச்சரிவை முட்புதர்க்காடாக வைத்திருக்கிறது. அங்கிருந்து காளிகேசம், பாலமோர் வழியாகக் கோதையாறு போகும்போது முட்காடு இலையுதிர்காடாகி, பிறகு பசுமைமாறாக் காடாகிறது. குறைந்த தூரத்தில் இத்தனை மாற்றம். பருவங்களுக்கு இடையிலான உலர்நாட்கள் கூடினால் முதலில் கூண் இழப்பது இந்த இடைநிலைச் சரிவுகள். ஓடைக்கரையும் வடக்கு நோக்கிய நிழல்மடிப்பும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

புயலுக்குப் பின் கூடும் கூண்

2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்து மாவட்டம் முழுக்க மரங்கள் சாய்ந்தன. இப்படிப்பட்ட வீழ்ச்சிக்குப் பின் சில ஆண்டுகள் கட்டை தின்னும் பூஞ்சைகளுக்கு விருந்து: சிப்பியும் காதும் திரளாக வரும். "கூண் கூடியிருக்கிறதே" என்று தோன்றும். அதே இடத்தில் கூரை திறந்து வெயில் நேராக விழுவதால் தரைக்கூண் குறையும். கட்டை மக்கித் தீர்ந்ததும் முதல் கூட்டமும் போய்விடும். கூடுதல், குறைவு என்று மொத்தமாகப் பேசாமல் எந்த வகை என்று கேட்க வேண்டும்.

காலநிலையின் தலையில் கட்டுமுன்

வழக்கமான இடத்தில் கூண் வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்.

1. புற்றில் உயிர் இருக்கிறதா? சுவரில் விரல் நுழையும் அளவு சின்னத் துளை போடுங்கள். மறுநாள் ஈரமண் பூசி அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது, சிக்கல் மழையில். இரண்டு மூன்று நாளாகியும் திறந்தே கிடந்தால் புற்று அடங்கிவிட்டது.

2. மருந்து பட்டதா? தென்னை, ரப்பர் கன்றுகளுக்குக் கரையான் மருந்து ஊற்றினால் புற்றுக்குள் இருக்கும் பூஞ்சைத் தோட்டமும் போகும்.

3. மண்ணைக் கிளறினார்களா? ரப்பர் மறுநடவுக்கு ஜேசிபி வைத்துத் தட்டு வெட்டும்போதும், அன்னாசி ஊடுபயிருக்கு நிலம் ஒருக்கும்போதும் அடைகள் உடைகின்றன.

4. சருகை வாரினார்களா, எரித்தார்களா? களைக்கொல்லி அடித்துத் தரை வெறிச்சிட்டுப் போனதா?

இவை நான்கும் இல்லை என்றால்தான் மழையின் கணக்கைத் திறக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு போதும்: ஈசல் பறந்த தேதி, முதல் மொட்டு கண்ட தேதி, அதற்கு முந்தைய பதினான்கு நாளில் மழை பெய்த நாட்கள் எத்தனை, ஒவ்வொரு நாளும் எத்தனை மி.மீ., புற்றின் இடம், மேலே நிழல் உண்டா. ஐந்தாறு ஆண்டுப் பதிவு இருந்தால் ஊர்ப்பேச்சை ஊர்க்கணக்காக மாற்றலாம்.

பறிக்கும்போது

புதிய புற்று பிறக்க வித்துத்தூள் வேண்டும் என்று மேலே சொன்ன மூன்றாம் படியை நினைவில் வைத்தால் பறிக்கும் முறை தானாகத் தெளிவாகும். மொட்டாக இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டால் வித்துத்தூளே விழாது. ஒரு கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது விரிந்து உதிர விடுங்கள். தண்டைத் தரைமட்டத்தில் கத்தியால் அறுத்தெடுங்கள். வேரைத் தொடர்ந்து தோண்டினால் அடை உடையும், அடுத்த ஆண்டுக் கூண் போகும். விரிந்த மறுநாளே புழு வைக்கும் என்பதால் எடுத்த அன்றே சமைக்க வேண்டும். சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதும் எடுப்பதும் குற்றம்.

பருவம் தப்பி வரும் கூணில் உள்ள ஆபத்து

பழகிய கூண் பழகாத மாதத்தில் வந்தால், அதே மாதத்தில் வேறொன்றும் அதே உருவில் வரும். இந்த மாற்றத்தில் உயிரோடு தொடர்புள்ள பகுதி இது.

தென்னந்தோப்பிலும் புல்தரையிலும் மழைக்குப் பின் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு நிற்கும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ், பார்வைக்கு நல்ல கூண் போலவே இருக்கும். தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அமானிட்டா வகையில் சில அதைவிடக் கொடியவை: ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தி, பிறகு சரியானதுபோல ஒரு நாள், அதற்குள் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. வெள்ளிக்கரண்டி கறுப்பது, மஞ்சள் நிறம் மாறுவது, பூண்டு கறுப்பது, பூச்சி கடித்திருப்பது: இவற்றில் ஒன்றுகூடச் சோதனை ஆகாது.

வித்துத்தூள் எடுத்துப் பார்க்கலாம். தண்டை நீக்கி, குடையைச் செவுள் கீழ்நோக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தூள் பச்சையாக இருந்தால் அது குளோரோபில்லம். கறுப்புப் பக்கத்தில் தூய வெள்ளையாகத் தெரிந்தால் அமானிட்டாவாக இருக்கலாம், தூக்கிப் போடுங்கள். புற்றுக்கூணின் தூள் இளஞ்சிவப்புச் சாயல். வைக்கோல்காளானும் அப்படித்தான், அமானிட்டாவைப் போல அடியில் கிண்ணம் வைத்திருக்கும் அதை வேறுபடுத்த இந்த நிறமே உதவும். ஆனால் நஞ்சுள்ள சிலவற்றின் தூளும் இளஞ்சிவப்பு. ஆகவே இந்தச் சோதனை விலக்குவதற்கு மட்டும். உண்ணலாம் என்று உறுதிசொல்ல அல்ல. புற்றுக்கூண் என்றால் தூளின் நிறத்தோடு அந்த நீண்ட வேரும், அது இறங்கிப்போகும் இடத்தில் கரையானும் சேர்ந்தே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது அடுப்புக்குப் போகக் கூடாது.

தின்ற பிறகு வயிறு புரட்டினால், தேறிவிட்டதுபோல இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சமைக்காமல் மிஞ்சிய கூண் இருந்தால் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்; பிளாஸ்டிக் பையில் வைத்தால் சில மணி நேரத்தில் கூழாகி அடையாளம் போய்விடும். தின்ற நேரத்தையும் முதல் வாந்தி வந்த நேரத்தையும் மருத்துவரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள். எந்த நஞ்சு என்று அவர் முடிவெடுக்க அந்த இடைவெளிதான் முதல் தடயம்.